தக்காளி வாடலுக்கு ஓம எண்ணெய் கேட்குமா?

மண்வெட்டி: தக்காளி நட்டு 40 நாள். பச்சையா நிக்கிற செடி மத்தியானம் தலை தொங்குது, மூணாம் நாள் போயிருது. ஓம எண்ணெயை இலையில அடிக்கச் சொல்லி மருந்துக்கடையில கொடுத்தாங்க. யாராவது அடிச்சிருக்கீங்களா?

வேப்பம்பூ: தாராளமா அடிங்க அண்ணே. ஓமத்துல இருக்கிற தைமால் பாக்டீரியாவோட மேல்சவ்வையே ஓட்டை போட்டுரும். ஸ்ட்ரெப்டோமைசின்ங்கிற ஆன்டிபயாட்டிக் மருந்தை அடிச்சு அடிச்சுக் கிருமிக்கு அது பழகிப்போச்சு. அதைப் பயிர்ல இருந்து எடுக்க மத்திய அரசே 2021ல வரைவு ஆணை போட்டுச்சு.

நாற்றங்கால்: ஆய்வகத் தட்டுல சாகும், ஒத்துக்கிறேன். ஆனா வாடல் கிருமி (ரால்ஸ்டோனியா) இலை மேலயா உக்காந்திருக்கு? மண்ணுல இருந்து வேர் வழியா ஏறி, தண்ணி போற குழாயை அடைச்சுக்கிட்டு நிக்குது. இலையில அடிக்கிற எண்ணெய் அங்க போகாது, வெயில்ல ஆவியாத்தான் போகும்.

வேப்பம்பூ: அப்ப அமெரிக்காவுல, ஃபுளோரிடாவுல நடந்த வயல் ஆய்வுல தைமால் போட்டு வாடல் குறைஞ்சதே, அது பொய்யா?

நாற்றங்கால்: பொய் இல்லை. முழுசாப் படிங்க தம்பி. நடுறதுக்கு முன்னாடி, பிளாஸ்டிக் மூடாக்குக்கு அடியில, சொட்டுநீர்க் குழாய் வழியா மண்ணுக்குக் கொடுத்தாங்க. எக்டருக்கு 70 கிலோவுக்கு மேல. ஏக்கருக்குப் பார்த்தா கிட்டத்தட்ட 30 கிலோ தைமால். ஓம எண்ணெயில பாதி தைமால்னு வச்சாலும் 60 கிலோ எண்ணெய். தக்காளி விக்கிற விலைக்கு இது கட்டுமா?

அண்ணே, நீங்க முதல்ல வாடின தண்டை அடியில வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணியில தொங்கவிடுங்க. வெள்ளை நூலா இறங்கினா அந்த வாடல் கிருமிதான்.

கத்தரித்தோட்டம்: இலைப்புள்ளிக்கு நான் கிராம்பு எண்ணெய் அடிச்சேன். சோப்புக்கரைசல் சேர்க்கலை, உச்சி வெயில் வேற. டேங்க்ல எண்ணெய் மேல மிதந்து, கடைசியா அடிச்ச வரிசையெல்லாம் கருகிருச்சு. நோயே தேவலைன்னு ஆயிருச்சு! அப்புறம், வேப்பெண்ணெயை இந்தக் கணக்குல சேர்க்காதீங்க. அது ஆட்டிப் பிழியிறது, ஓம எண்ணெயும் கிராம்பு எண்ணெயும் வாலையில (ஆவியாக்கி) வடிக்கிறது.

மண்வெட்டி: டம்ளர்ல வச்சேன். அஞ்சு நிமிஷத்துல பால் மாதிரி இறங்கிருச்சு. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தா பாதிக் காசுதான் தந்தாங்க. இனி என்ன பண்ண?

நாற்றங்கால்: வாடின செடியை வேரோட எடுத்து எரிங்க. அந்தப் பாத்தித் தண்ணி அடுத்த பாத்திக்குப் போக வேண்டாம். அடுத்த போகம் நெல்லு போடுங்க. கத்தரி, மிளகாய், உருளை கூடாது. தக்காளியேதான் வேணும்னா வாடல் தாங்கும் கத்தரி வேர்ச்செடியில ஒட்டின நாற்று. தைவான்ல இருக்கிற உலகக் காய்கறி மையமும் இதைத்தான் சொல்லுது.

வேப்பம்பூ: நாலு பாத்தியில நடுறதுக்கு முன்னாடி மண்ணுல ஊத்தி நான் பார்க்கத்தான் போறேன்.

நாற்றங்கால்: பாருங்க. பக்கத்துலயே நாலு பாத்தியை ஊத்தாமலும் விடுங்க.