புதுப்பிப்பு: ரைவிங் நைஃப் இல்லாத டேபிள் சா

கிக்பேக் (ஓடும் பிளேடு மரத்தை ஆளை நோக்கித் திருப்பி எறிவது) பற்றிய போன பதிவில், டேபிள் சாவுக்கு, அதாவது மேசையில் பொருத்திய வட்ட ரம்பத்துக்கு, ரைவிங் நைஃப் (பிளேடுக்குப் பின்னால் நின்று வெட்டின வாயை மூடவிடாத தகடு) கட்டாயம் என்று எழுதியிருந்தேன். பெங்களூரில் உள்ளூர் பட்டறைகளில் செய்த மெஷின்களில் அது வருவதே இல்லையே என்று பலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி.

அது இல்லாத மெஷினில் நாமே பொருத்த, பிளேடின் பல் வெட்டும் அகலத்தைவிட மெல்லியதாகவும், பிளேடு தகட்டைவிடத் தடிமனாகவும் ஒரு தகடு வேண்டும். பல் 3.2 மி.மீ., பிளேடு தகடு 2.2 மி.மீ. என்றால் 2.5 மி.மீ. இரும்புத் தகடு சரி. பிளேடுக்குப் பின்னால், பல்லிலிருந்து 3 முதல் 8 மி.மீ. தள்ளி, பிளேடின் நேர்கோட்டிலேயே நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் மரம் பாதியில் முட்டி நிற்கும். அப்போதுதான் ஆட்கள் பலம் கொடுத்துத் தள்ளுவார்கள், அது ரொம்ப ஆபத்து.

சில்வர் ஓக் மரம் அறுப்பவர்கள் இதைத் தள்ளிப்போடவே வேண்டாம். ஈரம் காயாத பலகையில் வெட்டின வாய் தானாக மூடி, பிளேடின் பின்பக்கத்தைக் கவ்விக்கொள்ளும். கவ்வினால் பலகையைப் பின்னுக்கு இழுக்காதீர்கள். அழுத்திப் பிடித்தபடியே முழங்காலால் ஸ்டாப் பட்டனைத் தட்டி, பிளேடு முழுதாக நின்றபின் வெட்டின வாயில் ஆப்பு வையுங்கள். ஸ்டாப் முழங்காலுக்கு எட்டும் இடத்தில் இல்லையென்றால் முதலில் அதை மாற்றுங்கள்.

இன்னொன்று, கரண்ட். சாதா சுவிட்ச் போட்ட மெஷின், கரண்ட் போய்த் திரும்பியதும் தானே ஓடும். டி.ஓ.எல். ஸ்டார்ட்டரில் (பட்டன் வைத்த மோட்டார் சுவிட்ச் பெட்டி) பச்சை பட்டனை மறுபடி அழுத்தினால்தான் ஓடும்.