மணைப்பலகையில் மெழுகு

முரளி: கவிதா கல்யாண மணைக்கு நான்கு ரோஸ்வுட் பலகைகள் வந்துவிட்டன. மேலெல்லாம் மெழுகு. ஹேர் டிரையர் வைத்து உருக்கித் துடைக்கட்டுமா?

செல்வம் மாமா: உருக்காதே!

பார்வதி அத்தை: என்ன ஆயிற்று?

செல்வம் மாமா: சூடு பட்டால் மெழுகு மரத்துக்குள் இறங்கிவிடும். பிறகு பசையும் பிடிக்காது, வார்னிஷும் பிடிக்காது. உப்புத்தாளும் வேண்டாம், மெழுகு அப்பிக்கொண்டு வழுக்கும். இரும்புத் தகட்டைச் சற்று முன்னால் சாய்த்து, நார் போகும் திசையில் தள்ளிச் சுரண்டு. வெள்ளைச் சுருள் நின்று பழுப்புச் சுருள் வந்தால் மரம் வந்துவிட்டது. அப்புறம் டர்பன்டைன் தொட்ட துணியால் துடை. துணியை அடிக்கடி மாற்று. பழைய துணி மெழுகை மறுபடி பூசிவிடும்.

கவிதா: மாமா, நாற்றம் போய்விடுமா? பட்டுப்புடவை கட்டி உட்கார வேண்டும்.

செல்வம் மாமா: காற்றில் வைத்தால் போய்விடும் கண்ணு. முரளி, துணியைச் சுருட்டிப் போடாதே. அடுப்புப் பக்கம் போகாமல் வெளியே விரித்துக் காயவை.

ராஜு சித்தப்பா: அப்பாவின் இழைப்புளி இருந்தால் சீக்கிரம் முடிந்துவிடும்.

பார்வதி அத்தை: அது உன் வீட்டில்தானே இருக்கிறது?

ராஜு சித்தப்பா: அப்பாவே என் கையில் கொடுத்தது, அக்கா.

பார்வதி அத்தை: வீடு பிரித்த அன்று பெட்டியோடு போனது.

கவிதா: அத்தை 🙏

மாலா சித்தி: மண்டபத்துக்கு வாழைமரம் யார் பொறுப்பு? பினாங்குத் தீவில், பாலிக் புலாவில் டுரியான் இறங்கிவிட்டதாம், வருகிறவர்கள் வாங்கி வாருங்கள்.

செல்வம் மாமா: முரளி, முக்கியமானதை விட்டுவிட்டேன். ஈரம் மெல்ல வெளியேறட்டும் என்றுதான் மெழுகு பூசுகிறார்கள். உள்ளே இன்னும் ஈரம் இருக்கலாம். வெட்டுமுனை வழியாக அது 10 முதல் 15 மடங்கு வேகமாகப் போகும், அங்கேதான் முதலில் வெடிக்கும். அதனால் பலகையின் தட்டையான முகத்தை மட்டும் சுரண்டு, முனைகளில் மெழுகு இருக்கட்டும். ஒவ்வொன்றையும் எடை போட்டு, பென்சிலால் எழுதிவை.

முரளி: 3.46, 3.52, 3.41, 3.50 கிலோ.

செல்வம் மாமா: ஞாயிறுதோறும் நிறு. எடை குறைவது நிற்கும் வரை அறுக்காதே, ஒட்டாதே.

பார்வதி அத்தை: கல்யாணத்துக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது.

செல்வம் மாமா: அதற்குள் காயாவிட்டால் எங்கள் கல்யாணத்துக்கு என் மாமனார் செய்த மணையில் உட்காரட்டும். மரம் காயும் வரை காத்திருந்து செய்தார். இன்றுவரை ஒரு வெடிப்பு இல்லை.

ராஜு சித்தப்பா: அந்த மணையும் என்னிடம்தான் இருக்கிறது.

பார்வதி அத்தை: தெரியும்.

ராஜு சித்தப்பா: சனிக்கிழமை இழைப்புளியோடு கடல் தாண்டிப் பட்டர்வொர்த் வருகிறேன். மோட்டார் சைக்கிள் என்றால் ஃபெர்ரி போதும். மணையையும் கொண்டுவர வேண்டுமென்றால் சொல்லுங்கள், காரை எடுத்துப் பாலம் வழியாக வருகிறேன்.

கவிதா: எனக்குத் தாத்தாவின் மணையே போதும் சித்தப்பா.

முரளி: அப்படியென்றால் இந்தப் பலகைகள்?

மாலா சித்தி: வாழைமரம்?

முரளி: 📷 முதல் பலகை. கறுப்புக் கோடுகள் தெரிகின்றன பாருங்கள்.

கவிதா: ஐயோ, இதுவும் அழகாக இருக்கிறதே!

செல்வம் மாமா: படத்தில் வலது முனை வெறுமையாகத் தெரிகிறது. அங்கேயும் சுரண்டினாயா?

முரளி: முதல் செய்தியைப் பார்த்ததும் சுரண்டிவிட்டேன் மாமா.

செல்வம் மாமா: மெழுகுவத்தி இருக்கிறதா? இப்போது உருக்கு. அந்த முனையில் மட்டும் தடவு. உடனே.