ஒற்றை டிரான்சிஸ்டர் எஃப்.எம். ஒலிபரப்பியில் அதிர்வெண் ஓரிடத்தில் நிற்காதது ஏன்?

கேள்வி

வணக்கம். பிசி547 டிரான்சிஸ்டர் ஒன்றை மட்டும் கொண்டு, 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் சிறிய எஃப்.எம். ஒலிபரப்பி ஒன்றைப் பிரெட்போர்டில் (சாலிடர் இல்லாமல் உறுப்புகளைச் செருகும் பலகையில்) அமைத்திருக்கிறேன். சுருள் 6 மில்லிமீட்டர் விட்டத்தில் 5 சுற்றுகள் கொண்டது. அதற்கு இணையாக ஒரு டிரிம்மர் (திருகி மதிப்பை மாற்றும் சிறு கெப்பாசிட்டர்) உள்ளது. டிரான்சிஸ்டரின் கலெக்டர் முனைக்கும் எமிட்டர் முனைக்கும் இடையே 4.7 பைக்கோஃபாரட் கெப்பாசிட்டர் உள்ளது. ஒலிவாங்கியில் பேசுவது வானொலிப்பெட்டியில் கேட்கிறது. ஆனால் கையை அருகே கொண்டுபோனாலே அலைவரிசை விலகிவிடுகிறது. தொடாமல் வைத்திருந்தாலும் மெல்ல மெல்ல நகர்கிறது. பேட்டரிக்குப் பதிலாக அடாப்டரை இணைத்தால் பேச்சோடு ஓர் உறுமலும் சேர்ந்துவிடுகிறது. குரலும் சற்று மந்தமாகவே ஒலிக்கிறது. மின்னழுத்தத்தை 12 வோல்ட்டாக உயர்த்தினால் நிலைமை சீராகுமா?

பதில் 1

உயர்த்த வேண்டாம். விலகல், நகர்வு, உறுமல் ஆகிய மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். அது சக்திக் குறைவு அன்று; சுற்றின் மின்தேக்குத்திறன் சற்று மாறினாலே அதிர்வெண் மாறிவிடுவதுதான். உங்கள் சுருளின் தூண்டல் ஏறத்தாழ 0.1 மைக்ரோஹென்றி இருக்கும். அது 100 மெகாஹெர்ட்ஸில் அதிர வேண்டுமானால் சுற்றில் மொத்தம் 25 பைக்கோஃபாரட் மின்தேக்குத்திறன் போதும். இவ்வளவு சிறிய மதிப்பில் ஒரே ஒரு பைக்கோஃபாரட் கூடினாலும் அதிர்வெண் ஏறத்தாழ 2 மெகாஹெர்ட்ஸ் கீழே இறங்கிவிடும். அருகில் வரும் உங்கள் கை அதில் ஒரு சிறு பங்கைச் சேர்த்தாலே அலைவரிசை கைவிட்டுப் போய்விடும். பிரெட்போர்டின் அடுத்தடுத்த வரிசைகளுக்கு இடையில் இயல்பாகவே சில பைக்கோஃபாரட் இருப்பதையும், கம்பி சற்று அசைந்தால் அது மாறுவதையும் எண்ணிப் பாருங்கள்.

உறுமலுக்கான காரணமும் இங்கேதான் இருக்கிறது. ஒலிவாங்கியின் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரின் பேஸ் முனையை அசைக்கும்போது டிரான்சிஸ்டரின் உட்சந்தியிலுள்ள மின்தேக்குத்திறன் மாறுகிறது; அதனால் அதிர்வெண் மாறுகிறது. இந்தச் சுற்றில் பண்பேற்றம், அதாவது ஒலியை அலையில் ஏற்றுவது, நடப்பதே இப்படித்தான். ஆகவே ஒலி நுழையும் அதே வழியில் அடாப்டரின் மின்னழுத்தத்தில் மிஞ்சும் ஏற்ற இறக்கமான சிற்றலையும் நுழைகிறது. பேட்டரி மெல்லத் தளர்வதும் டிரான்சிஸ்டர் சூடேறுவதும் அலைவரிசையை நகர்த்துகின்றன.

பிரெட்போர்டை விட்டுவிட்டு, செம்பு பூசிய ஒரு பலகையின் மேல் கால்களை மிகக் குட்டையாக வெட்டிச் சாலிடர் செய்யுங்கள். செம்புப் பரப்பு முழுவதும் தரையாக, அதாவது சுற்றின் பொது எதிர்முனையாக, இருக்கட்டும். மின்வழங்கலை 78எல்05 போன்ற மின்னழுத்தச் சீராக்கியின் வழியே கொடுத்து, சுருளின் வழங்கல் முனையிலேயே 1 நானோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டரைத் தரைக்கு இணையுங்கள். அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும் கெப்பாசிட்டர்கள், வெப்பத்தால் மாறாத சி0ஜி வகையாக இருப்பது அவசியம். டிரிம்மரின் திருகு உள்ள முனை கலெக்டர் பக்கம் இல்லாமல் வழங்கல் பக்கம் இருக்குமாறு திருப்பி வைத்து, பிளாஸ்டிக் திருப்புளியால் திருகினால் சரிசெய்யும்போது ஏற்படும் விலகலும் பெரிதும் குறையும்.

பதில் 2

மேலே சொன்னது முழுவதும் சரி. ஆனால் ஆன்டெனாவை எங்கே இணைத்திருக்கிறீர்கள் என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை.

கேள்வி கேட்டவர்

75 சென்டிமீட்டர் கம்பி ஒன்றை நேராகக் கலெக்டரில் இணைத்திருக்கிறேன். வானொலிப்பெட்டியில் முள் 90இல் நிற்கும்போது கேட்கிறது.

பதில் 2, தொடர்ச்சி

கால் அலைநீளக் கம்பியை நேராகக் கலெக்டரில் தொங்கவிட்டால், அந்தக் கம்பியும் அதைச் சுற்றியுள்ள பொருள்கள் அனைத்தும் அலையியற்றியின் (அலையை உண்டாக்கும் சுற்றின்) உறுப்புகளாகிவிடுகின்றன. இரண்டாவது டிரான்சிஸ்டர் ஒன்றை, ஆன்டெனாவை அலையியற்றியிலிருந்து பிரிக்கும் இடைநிலைப் படியாக வைத்து, ஆன்டெனாவை அதன் வெளியீட்டில் இணைப்பதே நல்ல தீர்வு. கைக்கு உடனே எட்டும் வழி, சுருளின் வழங்கல் முனையிலிருந்து ஒரு சுற்று தள்ளி, சில பைக்கோஃபாரட் கெப்பாசிட்டர் வழியே ஒரு குட்டைக் கம்பியை இணைப்பது. ஒரே அறைக்குள் சோதிக்க 10 சென்டிமீட்டர் தாராளமாகப் போதும்.

முள் 90இல் நிற்கிறது என்பதை நம்பிவிடாதீர்கள். பழைய வகைப் பெட்டிகள் பெரும்பாலானவற்றின் இடைநிலை அதிர்வெண் (வந்த அலையைப் பெட்டி உள்ளே மாற்றிக்கொள்ளும் நிலையான அதிர்வெண்) 10.7 மெகாஹெர்ட்ஸ். அருகில் வலுவான அலை இருந்தால், முள் காட்டும் இடத்துக்கு 21.4 மெகாஹெர்ட்ஸ் மேலே உள்ள அலையும் அங்கே போலியாகக் கேட்கும். அப்படியானால் உங்கள் கருவி உண்மையில் 111.4இல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கலாம். 108 முதல் 137 வரையிலான பகுதி விமானங்களின் வழிகாட்டலுக்கும் பேச்சுத் தொடர்புக்கும் உரியது. அங்கே ஒரு நொடிகூட ஒலிபரப்பக் கூடாது. ஆகவே முதலில் மின்னிணைப்பைத் துண்டியுங்கள், உண்மையான அதிர்வெண்ணைக் கணினித் திரையில் காட்டும் ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். போன்ற ஏற்பியைத் தயாராக வைத்துக்கொண்டு, ஆன்டெனாவை முழுவதும் நீக்கிய பிறகே மீண்டும் இயக்கிப் பாருங்கள். 200 மெகாஹெர்ட்ஸ் அருகே வரும் இரண்டாவது இசையலையின் (இருமடங்கு அதிர்வெண்ணில் தோன்றும் வேண்டாத அலையின்) அளவும் அந்த ஏற்பியில் தெரியும்.

சட்டத்தையும் பாருங்கள். அமெரிக்காவில் உரிமம் இல்லாத எஃப்.எம். கருவியின் புலவலிமை 3 மீட்டர் தொலைவில் மீட்டருக்கு 250 மைக்ரோவோல்ட்டைத் தாண்டக் கூடாது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் எல்லை 50 நானோவாட். உங்கள் நாட்டின் விதி இவற்றைவிடக் கடுமையாக இருக்கக்கூடும்.

பதில் 3

மந்தமான குரலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எஃப்.எம். ஏற்பிகள் அனைத்தும் உயர் ஒலிகளைத் திட்டமிட்டே தணிக்கின்றன; ஒலிபரப்பும் நிலையம் அவற்றை முன்கூட்டியே உயர்த்தி அனுப்பும் என்பது ஏற்பாடு. எந்த ஒலியிலிருந்து உயர்த்த வேண்டும் என்பதைக் குறிக்கும் நேர மாறிலி அமெரிக்காவில் 75 மைக்ரோநொடி, உலகின் பெரும்பகுதியில் 50. உங்கள் சுற்றில் அந்த உயர்த்தல் இல்லை. ஒலிப்பாதையில் 47 கிலோ-ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக வைத்து, அதற்கு இணையாக 1 நானோஃபாரட் கெப்பாசிட்டரைச் சேருங்கள். இரண்டையும் பெருக்கினால் 47 மைக்ரோநொடி வரும். தொடர் மின்தடை ஒலியின் அளவைக் குறைக்கும் என்பதால், ஒலிவாங்கிக்கு அடுத்து ஒரு டிரான்சிஸ்டர் பெருக்கி தேவைப்படும்.