அம்பாந்தோட்டைக்கு இரண்டு நாள்தான், பேலஸ்ட் அளவு இரண்டு விதமாகக் காட்டுகிறது. உதவுங்கள்

கல்லடிப் பொடியன்:
அண்ணன்மார், காக்காமார் எல்லோருக்கும் வணக்கம். கார் ஏற்றும் கப்பலில் டெக் கெடட்டாக (பயிற்சி அதிகாரியாக) ஏறி நாலு மாதம். யப்பானில் ஏற்றிய வாகனங்களோடு நாளை மறுநாள் விடிய அம்பாந்தோட்டைக்குப் போகிறோம். அதற்கு முன் பேலஸ்ட் (கப்பல் சாயாமல் இருக்க அடியில் நிரப்பும் தண்ணீர்) தொட்டிகளின் சவுண்டிங் எடுப்பது, அதாவது தண்ணீர் ஆழத்தை அளப்பது, என் பொறுப்பு.

நான்காம் இலக்க இடது பேலஸ்ட் தொட்டியில் கணினி 1.88 மீட்டர் காட்டுகிறது. நான் தொட்டிக்குப் போகும் குழாய் வழியே நுனியில் குண்டு கட்டிய அளவு நாடாவை இறக்கினால் 1.52. மூன்று தரம் இறக்கினேன், மூன்று தரமும் அதேதான். வலது பக்கத் தொட்டியில் இரண்டும் பொருந்துகின்றன. "கணினியில் உள்ளதை எழுதிப் போட்டுப் போ, ஒருவரும் பார்க்கமாட்டார்" என்கிறார் கூட வேலை செய்பவர். எனக்கு மனம் ஒப்பவில்லை.

இன்னொன்று. போன துறைமுகத்தில், உள்ளே வழிகாட்டும் பைலட் ஏற முன்னமே சில கார்களைக் கப்பல் தட்டோடு கட்டிய பெல்ட்டைக் கழற்றி, மாலுமிகளின் தலைவரான போசனிடம் நல்லா வாங்கிக் கட்டினேன். வேலை கெதியாக முடியட்டும் என்றுதான் செய்தேன். எப்போது கழற்றலாம்?

ஒலுவில் காக்கா:
தம்பி, பெல்ட் விஷயம் முதலில். கப்பலைக் கரையில் கட்டி, சீஃப் மேட் (கப்டனுக்கு அடுத்த அதிகாரி) வாயால் சொன்ன பிறகுதான் கை வைக்க வேண்டும். துறைமுக வாயிலில் திரும்பும்போது டக் (கப்பலை இழுக்கும் படகு) ஒரு பக்கம் தள்ளும், காற்று மறுபக்கம் தள்ளும். கார் கப்பலின் பக்கம் முழுக்கச் சுவர், காற்றுக்குப் பாய் விரித்த கணக்கு. பக்கத்துக் காருக்கு ஒரு சாண் இடைவெளிகூட இல்லாத இடத்தில் நீங்கள் குனிந்திருக்கிறீர்கள். கட்டில்லாத கார் நகர்ந்தால் எங்கே போவீர்கள்? போசன் ஏசியது உங்கள் காலுக்காக.

பெல்ட்டைக் கழற்றாமல் செய்ய வேலை நிறைய இருக்கிறது. ஒவ்வொரு தட்டாக நடந்து தளர்ந்ததை இறுக்குங்கள். எண்ணெய் சிந்தியிருந்தால் துடையுங்கள், கார் இறங்கும் சரிவான ராம்ப்பில் டயர் வழுக்கும். காற்றாடிகள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். வாகனங்களை ஓட்டத் தொடங்கியதும் புகை தேங்கும்.

ஆரையம்பதி செகண்ட் மேட்:
தம்பி, எதையும் எழுத முன் ஒன்று சொல்லுங்கள். அந்தக் குழாயின் மொத்த ஆழம் அட்டவணையில் எவ்வளவு? குண்டு அடியில் முட்டும்போது நாடாவில் எவ்வளவு?

கல்லடிப் பொடியன்:
அட்டவணையில் 14.20. முட்டுவது 13.86இல். இதை நான் பார்க்கவே இல்லை அண்ணன். இப்போது குண்டைத் தூக்கிப் பார்த்தேன், அடியில் செங்கல் நிறத்தில் களி ஒட்டியிருக்கிறது. விரலால் தேய்த்தால் கரகரக்கிறது.

ஆரையம்பதி செகண்ட் மேட்:
துருவும் சேறும். குழாயின் அடி 34 சென்ரிமீட்டர் அடைத்துக் கிடக்கிறது. குண்டு தொட்டியின் அடியைத் தொடவே இல்லை, களிக்கு மேல் நின்றுவிட்டது. மூன்று தரம் ஒரே அளவு வந்ததும் அதனால்தான்.

இனி மேலிருந்து கணக்குப் பாருங்கள். குழாய் வாயிலிருந்து தண்ணீர் மட்டம் வரை உள்ள வெறும் இடம் 13.86இல் 1.52 போக 12.34. அதை 14.20இல் கழித்தால் 1.86. கணினிக்கும் இதற்கும் இரண்டு சென்ரிமீட்டர்தான். நாடாவில் தண்ணீர் காட்டும் பசையைப் பூசி இன்னொரு தரம் எடுங்கள். கப்பலின் பின்பக்கம் தாழ்ந்திருந்தால் அட்டவணையில் அதற்கான திருத்தத்தையும் போடுங்கள்.

1.52 என்று எழுதியிருந்தால், தண்ணீர் குறைகிறதென்று அந்தத் தொட்டிக்கு இன்னும் ஏற்றியிருப்பார்கள். இடப்பக்கம் சாய்ந்தபடி துறைமுகத்துக்குள் போயிருப்பீர்கள், ராம்ப் இறக்குவதும் கஷ்டம். அதற்காகக் கணினியைக் கண்மூடி எழுதலாம் என்று இல்லை. 2015 சனவரி 3ஆம் திகதி சவுத்ஹாம்ப்டனிலிருந்து புறப்பட்ட ஹோக் ஒசாக்கா என்ற கார் கப்பல் 40 பாகைக்கு மேல் சாய்ந்து மணல் திட்டில் ஏறியது. அதில் தொட்டி அளவுமானிகள் பல பழுதாகிக் கிடந்தன, பேலஸ்ட்டைக் கையால் அளக்காமல் மதிப்பிட்டிருந்தார்கள். உங்களிடம் உள்ள இரண்டு அளவுகளையும் காரணத்தோடு சீஃப் மேட்டிடம் கொடுங்கள்.

ஒலுவில் காக்கா:
குருமண்வெளி மண்டூர் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) ஏறியவருக்கு இது விளங்கும். ஓட்டோக்கள் எல்லாம் ஒரு பக்கம் நின்றால் பாதை அந்தப் பக்கம் தாழும், உடனே மாற்றி நிறுத்தலாம். உங்கள் கப்பலில் 12, 13 தட்டுக் கார்கள், பெரும்பாலானவை நீர்மட்டத்துக்கு மேலே. அவற்றை மாற்றி நிறுத்த முடியாது. அடியில் உள்ள தண்ணீர்தான் பிடித்து வைத்திருக்கிறது.

பைலட் ஏறும் பக்கக் கதவையும் சொல்ல வேண்டும். கப்டன் சொன்னால் திறங்கள், வேலை முடிந்ததும் மூடி, மூடியதை பிரிட்ஜுக்குச் சொல்லுங்கள். 2019 செப்டெம்பரில் அமெரிக்காவின் பிரன்ஸ்விக்கில் கோல்டன் றே என்ற கார் கப்பல் சரிந்ததற்கு மூல காரணம் பேலஸ்ட் கணக்கைக் கணினியில் பிழையாகப் பதிந்தது. சரிந்த பிறகு திறந்து கிடந்த பைலட் கதவால்தான் தண்ணீர் உள்ளே போனது. ஆட்கள் எல்லோரும் தப்பியது அல்லாஹ்வின் கிருபை.

கல்லடிப் பொடியன்:
கப்பலைக் கரையில் கட்டிவிட்டோம். பசை பூசி எடுத்தபோது வெறும் இடம் 12.33 வந்தது. சீஃப் மேட்டிடம் இரண்டையும் காட்டினேன். அவரே வந்து ஒரு தரம் இறக்கிப் பார்த்துவிட்டு, புத்தகத்தில் குழாய் அடைப்பையும் குறிக்கச் சொன்னார். கார்களை இறக்கி முடிந்ததும் குழாயைக் கழுவப் போகிறார்கள். சாய்வு இல்லாமல் உள்ளே வந்தோம். பெல்ட் கழற்றச் சொல்லி வாக்கி டாக்கியில் வந்தது காலை 7.40க்கு. அதுவரை கை வைக்கவில்லை காக்கா.