2020 கொரோனா காலத்தில் ஆளில்லாத மைதானத்தில் நடந்த கால்பந்து ஆட்டங்கள்: உங்களை இன்னும் உறுத்துவது எது?

மஞ்சள்கொடி:
2020 மே 16, ஜெர்மன் லீகில் டார்ட்மண்ட் – ஷால்கே. இரண்டு மாதம் பந்தே உருளாமல் இருந்துவிட்டு வந்த ஆட்டம், விளக்க வேண்டியதில்லை. டார்ட்மண்டின் ஹாலண்ட் முதல் கோல், கடைசியில் 4-0. ஆனால் எனக்குள் தங்கியது விசிலுக்குப் பிறகு நடந்ததுதான். வீரர்கள் வழக்கம்போலத் தெற்கு ஸ்டாண்டை நோக்கி நடந்தார்கள். சுமார் 25,000 பேர் நின்றபடியே பாடும் இடம், அன்று ஒரு ஆள் இல்லை. இடைவெளி விட்டு வரிசையாக நின்று, அங்கே எல்லாரும் இருப்பது போலவே கைகளை உயர்த்தினார்கள். தொண்டை அடைத்துவிட்டது.

இடதுவிங்:
எனக்கு அதில் நெகிழ்ச்சி வரவில்லை. பிரான்ஸ் மாதிரி ஏப்ரலிலேயே சீசனை முடித்திருக்க வேண்டும். என்னை விடாதது ஆட்டங்கள் நிற்பதற்கு முன், கூட்டத்தோடு நடந்த ஒன்று: மார்ச் 11, லிவர்பூல் – அட்லெட்டிகோ. அட்லெட்டிகோவின் ஊரான மட்ரிட்டில் பள்ளிகளையே மூடிவிட்டார்கள். அங்கிருந்து வந்த சுமார் 3,000 பேர் லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள். அவர்கள் அணியின் யோரெண்டே கோல் போட்டதும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கட்டிக்கொண்டார்கள். அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

பின்வரிசை:
முடித்திருந்தால் சின்ன கிளப்கள் எப்படிச் சம்பளம் கொடுத்திருக்கும்? டிவி பணத்தை நம்பித்தானே பாதிப் பேர் ஓடுகிறார்கள். சரி, என் அனுபவம்: ஜெர்மன் கிளப் பேயர்னின் ஆட்டங்களில் அதன் வீரர் முல்லர் கத்துவது அப்படியே கேட்டது. ‘ரேடியோ முல்லர்’ என்று ஏன் சொல்கிறார்கள் என்பது அன்றுதான் புரிந்தது. அப்புறம் ஒன்று, அந்தக் கால ஆட்டங்களைத் திரும்பப் பார்ப்பவர்கள் ஆரவாரம் சேர்க்காத ஒலிப்பதிவையே தேடிப் பாருங்கள். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் ஒளிபரப்பில் சேர்த்தது இ.ஏ. ஸ்போர்ட்ஸ் வீடியோ கேமுக்கான சத்தம். அதை விட்டுவிட்டு, பந்து எதிரணியிடம் இருக்கும்போது கோல்கீப்பர் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். யார் யாரை இழுத்து நிறுத்துகிறார், எந்த நொடியில் எல்லாரும் முன்னேறுகிறார்கள் என்பது தெரியும். தடுப்பாட்டத்தைக் கற்க இதைவிட நல்ல வழி இல்லை. பயிற்சி தருகிறவர்கள் பையன்களுக்குப் போட்டுக் காட்டலாம்.

காப்ரசிகன்:
இடதுவிங், ஆட்டம் நின்றபோது பிரீமியர் லீக் பட்டத்துக்கு எங்கள் லிவர்பூலுக்கு இரண்டே வெற்றி தேவை. 30 வருடக் காத்திருப்பு. அதை அப்படியே விட்டுவிடச் சொல்வீர்களா? ஜூன் 25 அன்று செல்சி, மான்செஸ்டர் சிட்டியை 2-1 என்று வீழ்த்த, நாங்கள் ஆடாமலே சாம்பியன். ஜூலை 22, ஆன்ஃபீல்டில் எங்கள் ரசிகர்கள் கூடும் காப் ஸ்டாண்டிலேயே மேடை போட்டு, பழைய நாயகன் டால்கிலீஷ் பக்கத்தில் நிற்க, கேப்டன் ஹெண்டர்சன் கோப்பையைத் தூக்கினார். பின்னால் வெறும் பேனர்கள். பின்வரிசைக்கு வீரர்களின் குரல் பிடித்திருக்கலாம். அந்த இடத்தில் எனக்குக் கேட்டிருக்க வேண்டியது ஐம்பதாயிரம் பேரின் கூச்சல்.