பயணச்சீட்டில் ஒரு பெயர், விமானத்தை இயக்குவது வேறு நிறுவனம்: பொறுப்பு யாருடையது?

கேள்வி:
அமெரிக்காவில் பெரிய நிறுவனங்களின் பெயரையும் வண்ணத்தையும் தாங்கிப் பறக்கும் சிறிய விமானங்கள் பலவற்றை, ஒப்பந்த அடிப்படையில் பிராந்திய நிறுவனங்களே இயக்குகின்றன. 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ அருகே விழுந்து 50 பேரின் உயிரைப் பறித்த, கோல்கன் ஏர் என்ற பிராந்திய நிறுவனத்தின் 3407 விமானத்திற்கும் கான்டினென்டல் என்ற பெரிய நிறுவனத்தின் பெயரில்தான் சீட்டு விற்கப்பட்டது. அதன் விளைவாக, 250 மணி நேர அனுபவத்துடன் துணை விமானியாகச் சேரலாம் என்றிருந்த நிலை மாறி, 1,500 மணி நேரம் பொது விதியானது. இதனால் பயிற்சித் தரம் உயர்ந்ததா? தவறு நேர்ந்தால் பொறுப்பேற்க வேண்டியவர் யார்?

முதல் மறுமொழி:
அந்த விமானத்தின் தலைமை விமானி 3,379 மணி நேரமும் துணை விமானி 2,244 மணி நேரமும் பறந்தவர்கள் என்பதால், இன்றைய 1,500 மணி நேர வரம்பை விபத்தின்போது இருவருமே தாண்டியிருந்தார்கள். வேகம் குறைந்து கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்து எச்சரித்தபோது, விமானத்தின் மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்பதற்கு மாறாக, தலைமை விமானி தண்டைத் தன் பக்கம் இழுத்தார். இறக்கைகள் தூக்குவிசையை இழந்தன. மூக்கைத் தானாகவே கீழே தள்ளும் கருவி அந்த விமானத்தில் இருந்தும், அதன் செயல்பாட்டைச் சிமுலேட்டரில் கைப்பட உணரும் பயிற்சியை அந்நிறுவனம் அளித்திருக்கவில்லை. இப்படி இறக்கைகள் தூக்குவிசையை இழக்கும் முழு ஸ்டால் நிலையிலிருந்து மீளும் பயிற்சி 2019 முதல்தான் கட்டாயமாயிற்று. என்னைப் பொறுத்தவரை, 1,500 என்ற எண்ணைவிட இதுவே பெரிய சீர்திருத்தம்.

இரண்டாம் மறுமொழி:
நண்பர் கூறுவதை ஏற்கிறேன்; ஆயினும் களைப்பை விட்டுவிட முடியாது. துணை விமானி சியாட்டில் பகுதியிலிருந்து இரவு முழுவதும் பயணம் செய்து பணிக்கு வந்தவர். 2014 முதல் பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு கட்டாயம் என்றாலும், தொலைவிலுள்ள வீட்டிலிருந்து பணியிடம் வந்து சேரும் பயணம் அந்த ஓய்வு நேரத்திற்குள் அடங்கிவிடக்கூடும். குறைந்த ஊதியத்தில் பணியிடத்தருகே குடியேற இயலாத விமானிக்கு இந்த விதி முழுப் பாதுகாப்பு ஆகாது.

மூன்றாம் மறுமொழி:
சட்டப்படி பாதுகாப்பான இயக்கத்திற்கான பொறுப்பு, இயக்கும் உரிமம் பெற்ற பிராந்திய நிறுவனத்தையே சாரும். அந்தத் தலைமை விமானி முன்பு சில தேர்வுகளில் தோல்வியுற்றிருந்தது அவரைப் பணியமர்த்திய நிறுவனத்திற்கு முழுமையாகத் தெரிந்திருக்கவில்லை; இத்தகைய விவரங்களைப் பணியமர்த்தும் நிறுவனங்கள் பார்க்க உதவும் வகையில் 2010ஆம் ஆண்டுச் சட்டம் கோரிய விமானிகள் பதிவுத் தளத்திற்கான விதி 2021இல்தான் இறுதியானது. அதே சட்டத்தின்படி, எந்த நிறுவனம் விமானத்தை இயக்குகிறது என்பதைச் சீட்டு விற்பவர் தெரிவித்தாக வேண்டும். ஆனால் தெரிவிப்பது மட்டும் போதாது என்பதே என் உறுதியான கருத்து: ஒப்பந்தத் தொகையைப் பேரம்பேசிக் குறைப்பவரே பயிற்சிக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதையும் மறைமுகமாகத் தீர்மானிப்பதால், தன் பெயரில் பறக்கும் விமானிகளின் சிமுலேட்டர் பயிற்சியையும் தேர்வு முடிவுகளையும் நேரடியாகத் தணிக்கை செய்யும் கடமையை அந்தப் பெரிய நிறுவனத்தின் மீதும் சட்டம் சுமத்த வேண்டும்.