ஒரே படிவம் இரண்டு முறை பதிவாகிறது: எங்கே தடுப்பது?

மாட்டுங்காக்காரன்:
மும்பையில் எங்கள் சங்கத்தின் பொங்கல் விருந்துக்குக் கூப்பன் பதியும் பக்கம் என் பொறுப்பு. எழுதியது பிஎச்பி மொழியில், டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல். பாதிப் பேர் லோக்கல் ரயில் நெரிசலில் நின்றபடி போனில் பதிகிறார்கள். சிக்னல் போய்விடும், சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், மறுபடி அழுத்துவார்கள். சமையல்காரரிடம் போகும் பட்டியலில் ஒரே குடும்பம் இரண்டு வரி. ஒரு போனுக்கு ஒரு கூப்பன் என்பதால், செலக்ட் (தேடும் கட்டளை) போட்டு நம்பர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இன்சர்ட் (புது வரி சேர்ப்பது) செய்கிறேன். சப்மிட் பட்டனையும் ஜாவாஸ்கிரிப்டில் முடக்கியாயிற்று. அப்படியும் எப்படி நுழைகிறது?

செம்பூர்க்காரி:
பதிந்ததும் அதே கோரிக்கைக்குப் பதிலாகவே நன்றிப் பக்கத்தைக் காட்டுகிறீர்களா? அப்படியென்றால் ரிஃப்ரெஷ் செய்கிறவர் போஸ்ட்டை, அதாவது படிவத்தைச் சமர்ப்பிக்கும் கோரிக்கையை, திரும்ப அனுப்புகிறார். 303 என்ற பதில் குறியீட்டைக் கொடுத்து வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

பழைய பிஎச்பி ஆள்:
303 வேண்டும்தான். ஆனால் ரயில்காரருக்கு அது போய்ச் சேரவே இல்லையே. போஸ்ட் சர்வருக்கு வந்து பதிவும் ஆகிவிட்டது, பதில்தான் வழியில் தொலைந்தது. அவர் பக்கத்தைப் புதிதாகத் திறந்தால் உங்கள் பட்டன் பழையபடி உயிரோடு இருக்கும். (ஃபயர்ஃபாக்ஸ் இதற்கு நேர்மாறு: ரீலோட் செய்த பிறகும் பட்டனை முடக்கியே வைத்திருக்கும். அது தனி வழக்கு.)

ஓட்டை உங்கள் செலக்டில். முதல் இன்சர்ட் முடிவதற்குள் இரண்டாவது கோரிக்கையின் செலக்டும் ஓடினால் இரண்டுக்குமே ‘நம்பர் இல்லை’ என்று பதில் கிடைக்கும், இரண்டுமே இன்சர்ட் ஆகும். போதாக்குறைக்கு ஒருமுறை +91, இன்னொருமுறை முன்னால் 0 போட்டு எழுதுவார்கள். இரண்டும் வேறு நம்பர் என்றே டேட்டாபேஸ் நினைக்கும். எனவே முதலில் நம்பரைக் கடைசிப் பத்து இலக்கமாக்குங்கள். அப்புறம் போன், விழா ஆண்டு இரண்டையும் சேர்த்து யூனிக் இன்டெக்ஸ்: அதே ஜோடி மறுபடி வந்தால் டேட்டாபேஸே தடுத்துவிடும். ஆண்டை விட்டீர்களோ, அடுத்த பொங்கலுக்கு ஒருத்தரும் உள்ளே வர முடியாது! செலக்டை எடுத்துவிட்டு நேரே இன்சர்ட் செய்யுங்கள். இரண்டாவது வந்தால் 1062 பிழை (இரட்டைப் பதிவு என்று பொருள்) வரும். அதைப் பிடித்து, சிவப்பு எழுத்தில் திட்டாமல் முதல் கூப்பனையே காட்டுங்கள்.

செம்பூர்க்காரி:
கொஞ்சம் பொறுங்கள். நான் பக்கத்து வீட்டுக்காரர் நம்பரைத் தட்டினால் அவர் கூப்பன் எனக்கு வந்துவிடுமே?

பழைய பிஎச்பி ஆள்:
சரியான பிடி. படிவத்தில் ஒரு ரேண்டம் டோக்கனை (ஊகிக்க முடியாத குறியீட்டை) ஒளித்துவைத்து, பதிவோடு சேமியுங்கள். டோக்கன் பொருந்தினால் கூப்பனைக் காட்டலாம். இல்லையென்றால் அந்த நம்பருக்கே எஸ்எம்எஸ்.

மாட்டுங்காக்காரன்:
இன்டெக்ஸ் போடவே விடமாட்டேன் என்கிறது.

பழைய பிஎச்பி ஆள்:
உள்ளே பழைய இரட்டைகள் இருக்கும்வரை விடாது. குரூப் பை (ஒரே மாதிரி வரிகளைக் கூட்டி எண்ணும் கட்டளை) போட்டு ஒன்றுக்கு மேல் உள்ளவற்றைப் பட்டியலிடுங்கள். அழிப்பதற்கு முன் இரண்டு வரியிலும் ஆள் கணக்கு ஒன்றுதானா என்று பாருங்கள். சிலர் மாமியாரைச் சேர்ப்பதற்காகவே மறுபடி பதிந்திருப்பார்கள்.